பத்து இருபது முதல் பதினொன்று வரை

பைபிள் இல்லை அக்கா. கறுப்பு அட்டை, தங்க எழுத்து, அதுவும் மாதா கோயில் நிறுத்தத்தில் ஏறியிருக்கிறேன், அப்படித்தான் தோன்றும். இது என்னுடைய ஆய்வேடு. எம்.எஸ்சி.யில் கடைசி ஆறு மாதம் ஓர் ஆராய்ச்சி செய்து, புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். நான் நிலவியல். நூற்று முப்பத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம், ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் இன்றைக்கு இதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சொல்கிறேன். அரியலூர் போக முக்கால் மணி நேரம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் எழுதியதில் எங்கேயாவது பொய் இருக்கிறதா என்று. என் மேல் நிறையப் பேருக்குக் கோபம். ஆனால் பொய் சொன்னாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

இந்த ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரத்தில் இடது கைப்பக்கம் வெள்ளையாக ஒரு பள்ளம் வரும். சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் மைன்ஸ். பெரிய படிக்கட்டு மாதிரி வெட்டிக்கொண்டே கீழே இறங்குவார்கள். ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்பார்கள். அந்தப் பாறை முழுவதும் ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. ஏழு கோடி ஆண்டுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. நீங்கள் வேலியோரம் பார்த்திருப்பீர்களே, கல்லாகிப்போன சிப்பி, உள்ளங்கை அளவுக்கு? எங்கள் ஊரில் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பாண்டி ஆடும். அதெல்லாம் அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பி.

சிப்பி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அம்மோனைட் கிடைக்காது. எங்கள் ஊரில் நத்தைக்கல் என்பார்கள். நத்தை இல்லை அது, கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். சுருள் சுருளாக ஓடு கட்டிக்கொண்டு நீந்தியது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வகை. எந்த அடுக்கில் எந்த வகை கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பாறைக்கு வயது சொல்லிவிடலாம். அதனால்தான் எங்களுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை.

எங்கள் கைடு, அதாவது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர், முதல் நாளே சொன்னார்: "இடம் தெரியாத கல்லு, பேப்பர் பறக்காம வைக்கிற கல்லு. எந்த இடம், எந்த அடுக்கு, என்ன தேதி, என்ன நேரம். இந்த நாலும் நோட்டுல இல்லைன்னா அந்தக் கல்லை எங்கிட்ட கொண்டுவராதே." எனக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். யாராவது ஒன்று சொன்னால் அதை அப்படியே செய்யாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. நோட்டில் நேரம் எழுதாமல் நான் தண்ணீர் கூடக் குடித்ததில்லை.

மைன்ஸுக்குள் போக அனுமதி வாங்கினோம். அனுமதிக் கடிதத்தில் இரண்டு நிபந்தனை. வேலை நடக்கும் பெஞ்சுக்குப் போகக் கூடாது. ஆய்வேடு முடிந்ததும் கட்டிய பிரதி ஒன்றைக் கம்பெனிக்குத் தர வேண்டும். இரண்டையும் நான் மீறவில்லை. அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஒரு தகரக் கொட்டகை. நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நின்றதும் இறங்கி ஓடுவேன், அரை மணி நேரம் அளப்பேன், எழுதுவேன், திரும்ப ஏறுவேன். மூன்றாவது பெஞ்சில் பொக்லைன் ஓட்டியவர் சவரிநாயகம் அண்ணன். ஐம்பத்து நான்கு வயது. கம்பெனியில் நிரந்தர வேலை. இருபத்தொன்பது வருட சர்வீஸ். முதல் வாரம் என்னைப் பார்த்து, "என்னா பாப்பா, கல்லுக்கு ஜாதகம் எழுதுறியா?" என்று கேட்டார். எழுதுகிறேன் அண்ணே என்றேன். "எனக்கும் ஒண்ணு எழுது. எட்டுல சனின்னு ஏற்கெனவே ஒருத்தன் எழுதிட்டான்." அப்படித்தான் பழக்கம்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது எடுத்து வைத்திருப்பார். சிப்பி, கடல்முள்ளெலி, சுறாப் பல் ஒன்று. வாளியால் பாறையை அள்ளும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். "சத்தம் மாறும் பாப்பா," என்பார். நான் அதை நோட்டில் எழுதவில்லை. சத்தம் அறிவியல் ஆதாரம் ஆகாது.

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. நான் கொட்டகையில் இருக்கிறேன். கீழே மூன்றாவது பெஞ்சில் பொக்லைன் சத்தம் நின்றது. மணி பார்த்தேன், பத்து இருபது. சாப்பாட்டு நேரம் இல்லை, வெடி நேரமும் இல்லை. எட்டிப் பார்த்தால் அண்ணன் இறங்கி, கடப்பாரையும் கையுமாகப் பாறையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கல் ஏற்றுகிற டம்பர் லாரி வந்து நிற்கிறது, இன்னொன்று நிற்கிறது, ஹாரன் அடிக்கிறான். இவர் திரும்பவே இல்லை. கடப்பாரையை வைத்துவிட்டு உளியை எடுத்தார். உளியை வைத்துவிட்டுத் தன் குடிதண்ணீரை ஊற்றித் துண்டால் துடைத்தார். பதினொரு மணிக்கு மெஷின் மறுபடி ஓடியது.

மதியம் இறங்கிப் போனேன். ஸ்கூட்டர் டயர் அளவுக்கு ஒரு நத்தைக்கல், அக்கா. ஒரு கீறல் இல்லை. ஓட்டின் வரிக்கோடு எல்லாம் அப்படியே. அந்தப் பாறையில் அவ்வளவு முழுசாக ஒன்றை எங்கள் கைடே பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய விஷயம், எடுத்த இடத்தில் அண்ணன் கடப்பாரையை நட்டு, அதில் துண்டைக் கட்டி வைத்திருந்தார். "எந்த அடுக்குன்னு நீ கேப்பல்ல? இந்தா, ரெண்டு மஞ்சக் கோட்டுக்கு நடுவுல. கீழ்க் கோட்டுலருந்து ஒரு சாண். அந்தக் குழி அப்படியே இருக்கு, அளந்துக்க." அளந்தேன். ஒரு சாண்தான். இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

இப்போதுதான் சிக்கல் வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

ஆய்வேட்டில் ஓர் அட்டவணை உண்டு. நாற்பத்தொன்றாம் பக்கம். ஒவ்வொரு புதைபடிவத்துக்கும் எண், அடுக்கு, எடுத்தவர் யார். நான் உள்ளதை எழுதினேன்: எடுத்தவர், பொக்லைன் ஆபரேட்டர் சவரிநாயகம். இடமும் அவர் காட்டியது. கைடு சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"என்ன இது?"

"அவர்தான் சார் எடுத்தாரு."

"ஆபரேட்டர் எடுத்தான்னு போட்டா, வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் என்ன கேப்பார் தெரியுமா? அவன் சொன்ன அடுக்குக்கு என்ன ஆதாரம்னு கேப்பார். மொத்தக் கல்லும் போச்சு. 'ஆய்வாளரே பாறையிலிருந்து எடுத்தது'ன்னு போடு."

"சார், நான் எடுக்கலையே?"

"குழியை அளந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீ எடுத்த மாதிரிதான். எல்லாரும் போடுறதுதான் எழில். மதர் தெரசா மாதிரி பேசாதே."

போட்டேன். அக்கா, மறைக்காமல் சொல்கிறேன், போட்டேன். என் வாழ்க்கையில் தெரிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் ஒரு வழி தோன்றியது.

ஆய்வேட்டின் முன்னால் நன்றியுரை என்று ஒரு பக்கம் வரும். கைடுக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி. அதை யாரும் திருத்த மாட்டார்கள், எக்ஸாமினரும் படிக்க மாட்டார். அட்டவணையில் எழுத முடியாத உண்மையை அங்கே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். அண்ணனும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். எழுதியதைச் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்:

'பிப்ரவரி பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை 10.20 முதல் 11.00 வரை, பின்னால் நான்கு டம்பர்கள் காத்து நின்றபோதும், மூன்றாவது பெஞ்சில் தம் பொக்லைனை நிறுத்திவிட்டு, இந்த அரிய புதைபடிவத்தைத் தம் கையாலேயே சேதமின்றி எடுத்து எனக்கு வழங்கிய திரு. ச. சவரிநாயகம் அவர்களுக்கு என் வாழ்நாள் நன்றி.'

என் அப்பா பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் போட்டேன். இதைவிட ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

ஐந்து பிரதி கட்டினேன். கல்லூரிக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஐந்தாவது அண்ணனுக்கு. முதலில் அவருக்குத்தான் கொடுத்தேன், வீட்டுக்கே போய். கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "ச. சவரிநாயகம். இனிசியல் எல்லாம் போட்டிருக்கியே," என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம், "டம்பரு நாலு இல்ல பாப்பா. மூணு. நாலாவது வரும்போது நான் மேல ஏறிட்டேன்," என்றார்.

புத்தகம் கட்டியாகிவிட்டது. அவர் சிரித்தார். "விடு, நாலுன்னாதான் கெத்து."

அவர் மனைவி லூர்து அண்ணி உள்ளேயிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அண்ணன் படித்துக் காட்டினார். அண்ணி முகம் சுருங்கியது. "ஏம்மா, அன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?"

"இல்லை அண்ணி, செவ்வாய்."

"வேலை நேரமா?"

"ஆமா."

"அத ஏம்மா எழுதுன?"

"நடந்தது அதுதானே அண்ணி."

அண்ணன், "ஏய், அது இங்கிலீசு புத்தகம்டி, எவன் படிக்கப்போறான்," என்று சொல்லிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்தார். நான் காப்பி குடித்துவிட்டு வந்தேன். அண்ணிக்குப் படிப்பு இல்லை. ஆய்வுமுறையெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். நிபந்தனை, கொடுத்தாக வேண்டும். மைன்ஸ் மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். புத்தகத்தைப் புரட்டினார். அட்டவணை, படம், வரைபடம் எல்லாம் தள்ளிக்கொண்டே வந்தது விரல். அப்புறம் முன்னால் போய் நின்றது. நூற்று முப்பத்திரண்டு பக்கத்தில் அவர் படித்தது அந்த ஒரு பக்கம். தமிழில் இருந்தது அது ஒன்றுதானே.

"டயம் எல்லாம் கரெக்டா எழுதியிருக்கியேம்மா," என்றார்.

"பழக்கம் சார்."

"நல்ல பழக்கம். இந்த மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும். ஜூனியர் ஜியாலஜிஸ்ட் போஸ்ட் ஒண்ணு வருது, அப்ளிகேஷன் போடு."

அக்கா, அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் எழுத்தைப் படித்துவிட்டு நல்லது என்று சொன்னார்.

அடுத்த வாரம் அண்ணனுக்குச் சார்ஜ் மெமோ வந்தது. இரண்டு குற்றம். வேலை நேரத்தில் நாற்பது நிமிடம் இயந்திரத்தை நிறுத்தி உற்பத்தியைத் தடுத்தது. கம்பெனிக்குச் சொந்தமான கனிமத்தை வெளியாளிடம் கொடுத்தது. கூடவே ஒரு ஜெராக்ஸ், என் நன்றியுரைப் பக்கம். கனிமம் என்றால் அந்த அம்மோனைட். அதுவும் சுண்ணாம்புதானே, சட்டப்படி அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அவர் எடுக்காவிட்டால் அது கிரஷரில் மாவாகி, சிமெண்டாகி, இந்நேரம் எங்கேயாவது யார் வீட்டுக் கக்கூஸ் சுவரில் இருந்திருக்கும். ஆனால் சட்டம் அதைப் பார்க்காது.

நிரந்தர ஆட்களைக் குறைத்துவிட்டுக் காண்ட்ராக்டில் ஆள் போடக் கம்பெனி காத்துக்கொண்டிருந்தது, நீ கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்துவிட்டாய் என்று ஊரில் பேசினார்கள். நான் கத்தி எதுவும் கொடுக்கவில்லை. நான் கொடுத்தது நன்றி.

என்கொயரிக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"பாப்பா, நாளைக்கு எனக்காக மதலைமுத்து பேசுவாரு. எங்கூட மிஷின் ஓட்டுறவரு. அவரு மக காலேஜ் படிக்குது, ஒன் புத்தகத்தை அது படிச்சுப் பாத்துச்சாம். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல, நீயே எடுத்ததா போட்டிருக்கியாமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான் ஒண்ணும் கோச்சுக்கல. நல்லதாப் போச்சு. எது நெசம்னு நாளைக்குக் கேப்பாரு. நாப்பத்தொண்ணுதான் நெசம்னு ஒரு வார்த்தை சொல்லிரு. சாப்பாட்டு நேரத்துல நானே எடுத்தேன், நன்றி சொல்ற எடத்துல பாசத்துல கூட்டி எழுதிட்டேன்னு சொல்லிரு. ஒனக்கும் கெடுதல் இல்ல, எனக்கும் கெடுதல் இல்ல. எனக்கு இன்னும் நாலு வருசம்தான் பாப்பா சர்வீசு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

நீங்களே சொல்லுங்கள். அந்தப் பொய்யை ஒருமுறை எழுதியதற்கே மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். அதை இன்னொரு முறை, வாயால், கையெழுத்துப் போட்டுச் சொல் என்கிறார். முதல் பொய் கைடுக்காக. இரண்டாவது இவருக்காக. என்னுடையது என்று ஒரு உண்மை கூட எனக்குக் கிடையாதா? இரண்டு உடுப்பை மாற்றி மாற்றி உடுத்திப் படித்தவள் நான். சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

என்கொயரி ஆபீசர் திருச்சியிலிருந்து வந்த வக்கீல். ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் அண்ணனும் மதலைமுத்துவும். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, பைபிள் கொண்டுவருகிற மாதிரி இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். மதலைமுத்து எழுந்தார்.

"இந்த நாப்பத்தொண்ணாம் பக்கத்துல நீங்களே எடுத்ததா இருக்கு. நீங்களே எடுத்திருந்தா எங்க ஆளு எதுக்கு மிஷினை நிறுத்தணும்? இந்தப் பக்கத்துல வேற மாதிரி இருக்கு. ரெண்டுல எதும்மா நெசம்?"

நான் எழுந்து நின்றேன். "நன்றியுரைப் பக்கம்தான் உண்மை," என்றேன். "நாற்பத்தொன்றாம் பக்கம் பொய். அதை எழுதியது என் தவறு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்."

அந்த நிமிடம் என் டிகிரி போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பா முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் சொன்னேன். ஆபீசர் டைப் அடிக்கிறவரைப் பார்த்து, "முதல் வாக்கியம் மட்டும் போதும். மத்தது இந்த விசாரணைக்குச் சம்பந்தம் இல்லை," என்றார்.

அவ்வளவுதான். என் தவறு யாருக்கும் சம்பந்தமில்லை.

அப்போதும் அண்ணனுக்காக நான் ஒன்று செய்தேன். யாரும் கேட்காமல், நானாக எழுந்து, "சார், ஒரு திருத்தம். டம்பர்கள் நான்கு அல்ல, மூன்று," என்றேன். ஆபீசர் அதைப் பதிவு செய்தார். குற்றத்தில் ஒரு டம்பர் குறைந்தது. இதை மட்டும் இன்றுவரை ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "அந்தக் கல்லு ஏழு கோடி வருசம் பொறுத்துச்சு பாப்பா," என்றார். "நாலு வருசம் பொறுத்து எழுதியிருந்தா என்னா?" அதற்குள் மதலைமுத்து அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆய்வேட்டுக்குக் கடைசித் தேதி உண்டு என்று அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல முடியவில்லை.

இருபது நாளில் வேலைநீக்க உத்தரவு வந்தது. அதற்கு எட்டு நாள் கழித்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். அக்கா, அது வேறு டிபார்ட்மென்ட், இது வேறு டிபார்ட்மென்ட். கையெழுத்துப் போட்ட ஆள் கூட வேறு. நான் விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

வீட்டில் அப்பா மட்டும் ஒருநாள் கேட்டார். "நீ நெசத்தத்தானம்மா சொன்ன?"

"ஆமாப்பா."

"அப்புறம் ஏன் அந்தத் தெருப்பக்கம் போகாம சுத்திப் போற?"

அந்தத் தெருவில் ரோடு சரியில்லை அக்கா. வேறொன்றும் இல்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பற்றிக் கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில். பதில் இல்லை. கைடு போனில், "போனதைக் கிளறாதே, அந்தக் கல்லு இப்ப நம்ம அலமாரில ராஜா மாதிரி இருக்கு," என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருக்கிறது. கீழே சீட்டு: எடுத்தவர், செல்வி எழிலரசி. அந்தக் கல்லைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வந்துவிட்டது, ஆங்கிலத்தில், கைடு பெயர் முதலில். நன்றியுரை அதிலும் உண்டு, ஒரே வரி, அனுமதி தந்த கம்பெனி நிர்வாகத்துக்கு.

இப்போது நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்கே நேராகப் போகலாம். எந்த நேரமும். யாரும் தடுக்க மாட்டார்கள். பொக்லைன் ஓட்டுவது மதலைமுத்து. முன்பு அவரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இப்போது மேடம். மரியாதை தெரிந்தவர், பழசை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை கேட்பேன்: "அண்ணே, நத்தைக்கல் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலீங்க மேடம்."

"சிப்பி?"

"அதுவும் இல்லீங்க. வந்தா கண்டிப்பா எழுதிக் குடுக்குறோம் மேடம். தேதி போட்டு, மணி போட்டு. எத்தனை டம்பரு நின்னுச்சுன்னும் போட்டு."

பாருங்கள், முறையாக எழுத வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. ஒரு நல்லது என்றால் இதுதான்.

ஆனால் வரவில்லை. ஆறு மாதம் ஆகிறது, மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு துண்டு கூட வரவில்லை. அதே இரண்டு மஞ்சள் கோடு, அதே அடுக்கு, மெஷின் வெட்டிய பாறை முகத்தையும் நானே பார்க்கிறேன், எல்லாம் உடைந்த துகள். மெஷின் போகிற வேகத்தில் எதுவும் தங்கவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். முன்பு தினமும் வந்தது, இப்போது வருவதில்லை என்றால் அதற்கு நிலவியலில் காரணம் உண்டு. அடுக்கு போகப் போக மெலிந்து ஓர் இடத்தில் முடிந்துவிடும். கடல் அந்த இடத்தோடு பின்வாங்கியிருக்கும். போன வாரம் மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார், அப்படியே எழுதிக் கொடுத்தேன்: மூன்றாவது பெஞ்சில் புதைபடிவ அடுக்கு முடிந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம். இனிமேல் மாணவர் யாரும் அனுமதி கேட்டு வந்தால் மறுக்க ஒரு காரணம் கிடைத்தது என்றார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்கவில்லை, அண்ணனைப் பார்க்கப் போனேன். இப்போது அவர் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறார், அடுத்தவர் டிராக்டர். வாசலில் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லூர்து அண்ணிதான் உள்ளே போய் இந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "இந்தா தாயி. இது எங்க வீட்டுல இருக்க வேணாம். பாக்குற நேரமெல்லாம் மணி அடிக்கிது." என்கொயரிக்கு அப்புறம் மறுபடி சுற்றி வைத்த பிளாஸ்டிக் தாளைக் கூடப் பிரிக்கவில்லை, பாருங்கள்.

எழுந்துவிட்டேன். அப்போதுதான் அண்ணன் தலையைத் தூக்கிக் கேட்டார், இவ்வளவு நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு: "மூணாவது பெஞ்சுல இப்ப என்னா வருது பாப்பா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் அந்தக் கல் மேல் அக்கறை இருக்கிறதே மனிதருக்கு. நின்று, பொறுமையாக, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "ஒண்ணும் வரலண்ணே. அடுக்கு முடிஞ்சுபோச்சு. ரிப்போர்ட்டும் கொடுத்துட்டேன்."

"முடிஞ்சுபோச்சா?"

"ஆமாண்ணே. கடல் அதோட பின்வாங்கிருச்சு."

"யாரு சொன்னா?"

"மதலைமுத்து அண்ணனைக் கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

சிரித்தார் அக்கா. கையிலிருந்த தண்ணீர் டியூப்பைக் கீழே போட்டுவிட்டு, டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணி வாசலுக்கு வந்து, என்ன என்று கேட்க, "கடலு போயிருச்சாம்டி," என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வீணாக வாசல் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேயிருந்து நேராக நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். இருபத்தொன்பது வருடம் பாறையோடு இருந்தவருக்கு ஓர் அடுக்கு முடியும் என்பது தெரியாதா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீங்களும் ஜன்னலையே பார்க்கிறீர்கள். அதோ, வந்துவிட்டது பாருங்கள், அந்த வெள்ளைப் பள்ளம்தான். மூன்றாவது படி தெரிகிறதா? ஞாயிற்றுக்கிழமை கூட மெஷின் ஓடுகிறது. பின்னால் டம்பர் எதுவும் நிற்கவில்லை. முன்பு மாதிரி இல்லை அக்கா, இப்போதெல்லாம் அங்கே எதற்காகவும் யாரும் நிறுத்துவதில்லை.